அக்கா, தங்கை, ஒரு கடலோர வீடு: எந்த ஊரில் வைப்பது?

புதிதாக நாவல் எழுதுபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி ஒரே கதையைப் பற்றித்தான் இருக்கும். வருஷக்கணக்காகப் பேசாமலிருக்கும் அக்காவும் தங்கையும் ஒரு கடலோர வீட்டில் மறுபடி சந்திக்கிறார்கள். இருவரில் ஒருத்திக்கு, சில சமயம் இருவருக்குமே, அங்கே ஒரு காதல் காத்திருக்கிறது. கதை தயாராக இருக்கும், ஆனால் வீட்டை எந்த ஊரில் வைப்பது என்ற இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஈசிஆரா, தரங்கம்பாடியா, முட்டமா, யாழ்ப்பாணமா?

கடல் எங்கேயும் கடல்தானே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவள்தான். என் முதல் மாத நாவலில், நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நாயகனும் நாயகியும் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்தபடி மனம்விட்டுப் பேசினார்கள். அடுத்த மாதம் ஒரு தபால் அட்டை வந்தது. "எங்கள் ஊரில் சூரியன் கடலில் உதிக்கும், வயல் பக்கம் மறையும். உங்கள் நாயகி எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்?" அவ்வளவுதான் எழுதியிருந்தது. அதற்கப்புறம் ஊரைத் தீர்மானிக்காமல் நான் முதல் அத்தியாயத்தைத் தொடுவதில்லை.

இன்னொன்று. 'காட்டேஜ்' என்று எழுதாதீர்கள். நம் வாசகிக்குக் காட்டேஜ் என்றால் கோவில் ஊரில் தேவஸ்தானம் வாடகைக்கு விடும் அறைதான் நினைவுக்கு வரும். வீடு என்றே எழுதுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: சண்டை போட்ட இருவரும் ஏன் கிளம்பிப் போகாமல் அந்த வீட்டிலேயே இருக்கிறார்கள்? 'சொத்துப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்' என்பதுதான் எல்லோரும் எழுதும் காரணம். இது ஓட்டைப் பானை. வெளிநாட்டிலிருக்கும் தங்கை அங்கேயுள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு யாருக்காவது பவர் அனுப்பிவிட்டால் போதும், அவள் வரவே வேண்டியதில்லை. வாசகியின் வீட்டிலேயே இரண்டு பேர் அப்படிப் பவர் கொடுத்திருப்பார்கள். ஆக, பவர் பத்திரத்தால் தீர்க்க முடியாத ஒரு காரணத்தை அந்த ஊர் உங்களுக்குக் கொடுக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, வீடு யாருடையது? சகோதரிகள் சண்டையின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. சாதி, மதம், ஊருக்கு ஊர் இது மாறும். தமிழ்நாட்டில் உயிலில்லாமல் இறந்த இந்துத் தகப்பனின் சொந்தச் சம்பாத்தியத்தில் 1956-லிருந்தே மகள்களுக்குச் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் பிறப்புரிமை 1989-ல் இங்கே வந்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு இல்லை என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை 2005-ல் மத்திய அரசின் திருத்தத்தோடு போயிற்று. ஆக, 1988-ல் கல்யாணமான அக்கா, 1990-ல் கல்யாணமான தங்கை என்று வைத்துக்கொண்டால், பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் ஒருத்திக்கு உரிமை உண்டு, மற்றவளுக்கு இல்லை. வில்லனே தேவையில்லாத சண்டை அது.

மூன்றாவது, கடல் எந்தத் திசையில், எந்த மாதத்தில்? நான்காவது, காதலன் அந்த ஊருக்குள் எப்படி வருகிறான், யார் கண்ணில் படுகிறான்? கடைசியாக, எழுதும் உங்களுக்கு அந்த ஊர் என்ன செலவு வைக்கும்? பேச்சு வழக்கு, பயணம், அந்த ஊரின் துக்கத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய மரியாதை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

இது வெளியிலிருந்து வந்த கதை என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். நற்றிணையின் 172-ஆம் பாட்டில் கடற்கரை, காதல், சகோதரி மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன. விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்துவிடுகிறது. பெண்கள் அதற்கு நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். உங்களைவிடச் சிறந்தவள், இது உங்களுக்குத் தங்கை என்கிறாள் அம்மா. தங்கைக்கு முன்னால் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். கடலோர வீட்டு வாசலில் ஒரு புன்னை மரத்தை வையுங்கள். எந்த ஊரானாலும் பொருந்தும்.

அவசரக்காரர்களுக்காக ஒரு அட்டவணை:

| ஊர் | தங்கவைக்கும் காரணம் | கடலும் பருவமும் | மறைவான செலவு |
|---|---|---|---|
| ஈசிஆர் | பலவீனம். புயல் மட்டுமே | கிழக்கு. ஐப்பசி, கார்த்திகை | கதை சென்னைக்கு ஓடிவிடும் |
| தரங்கம்பாடி | வீட்டைப் பழுதுபார்ப்பது | கிழக்கு. அரிப்பு | 2004 சுனாமியைத் தாண்டிப் போக முடியாது |
| முட்டம் | மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் | மேற்கு. ஆனி, ஆடி | வழக்குமொழி |
| காயல்பட்டினம் | வீடே பெண்களுடையது | கிழக்கு | வெளியாள் எழுதினால் தவறும் |
| பருத்தித்துறை | தேசவழமை (யாழ்ப்பாண வழக்குச் சட்டம்) | வடக்கு | போர், வழக்குமொழி, பயணம் |

## ஈசிஆர்

பெரும்பாலோர் முதலில் கைவைப்பது இதில்தான். முட்டுக்காடு தாண்டி ஒரு பங்களா, சவுக்குத் தோப்பு, காவலுக்கு ஒரு தாத்தா. ஆராய்ச்சிச் செலவு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்விட்டு வந்தால் போதும்.

சிக்கல் என்னவென்றால், கோபித்துக்கொண்ட தங்கை கைப்பேசியில் ஒரு கார் வரவழைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் தி.நகரில் இருப்பாள். அவளை நிறுத்திவைக்க நீங்கள் அத்தியாயத்துக்கு ஒரு சாக்கு தேட வேண்டிவரும். அப்புறம், அது வார இறுதி வீடு. அங்கே யாரும் பிறந்து வளரவில்லை. பரணில் பழைய டிரங்குப் பெட்டி இருக்காது, சுவரில் உயரம் குறித்த பென்சில் கோடும் இருக்காது.

ஒரே ஒரு சூழலில் இதுதான் சரி: இரண்டு நாளில் முடியும் குறுநாவல். 2016 டிசம்பர் 12-ல் வர்தா வந்ததே, அது போல ஒரு புயல். மரம் சாய்ந்து சாலை அடைபட்டு, மின்சாரம் போய், கைப்பேசி செத்து, இருக்கிற ஒரு மெழுகுவர்த்திக்கு இருவரும் எதிரெதிரே. அதற்கு ஈசிஆர் போதும், முந்நூறு பக்கத்துக்குத் தாங்காது.

## தரங்கம்பாடி

என் மனசுக்குப் பிடித்தது இது. தஞ்சை நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டிய ஊர். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கிய ஊர். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட பிறகு பெரிய துறைமுகமாக அது எழவே இல்லை. அதனால்தான் பழைய தெருக்கள் அப்படியே மிஞ்சியிருக்கின்றன. மயிலாடுதுறையிலிருந்து ஓடிய ரயிலும் எண்பதுகளில் நின்றுபோயிற்று. இப்போது பஸ்ஸில்தான் வரவேண்டும். பேசாத இரண்டு பேரை ஒரே பஸ்ஸில் ஏற்றுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

தங்கவைக்கும் காரணம் வீடே. தூண் வைத்த பழைய வீடு, உப்புக்காற்றில் காரை உதிர்கிறது. பாரம்பரியக் கட்டடங்களை மீட்கும் இன்டாக் அமைப்பு இங்கே பல வீடுகளைச் செப்பனிட்டிருக்கிறது. ஆகவே சுண்ணாம்புக் கலவை தெரிந்த ஒரு கட்டடக் கலைஞன் இந்த ஊருக்கு இயல்பாக வருகிறான். காதலன் பிரச்சினையும் அங்கேயே தீர்ந்தது. வானத்திலிருந்து குதிக்க வேண்டியதில்லை, சாரத்திலிருந்து இறங்கினால் போதும். சுண்ணாம்பு வேலை அவசரப்படுத்த முடியாத வேலை. ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. பவர் வாங்கியவரால் 'இந்தச் சுவரை இடிக்கலாமா, இது அம்மா சாய்ந்து உட்காரும் சுவராயிற்றே' என்பதற்குப் பதில் சொல்ல முடியாது. சகோதரிகள் நேரில்தான் இருக்க வேண்டும்.

'ரிசார்ட்காரர் கோடி ரூபாய்க்குக் கேட்கிறார்' என்ற திருப்பத்தை மட்டும் யோசித்து வையுங்கள். 1991-லிருந்தே கடலோரத்துக்குத் தனி விதி இருக்கிறது. ஊரில் சிஆர்இசட் என்பார்கள். 2011-லும் 2019-லும் அதை மாற்றி எழுதியிருக்கிறார்கள். கிராமப்புறக் கடற்கரையில் பல இடங்களில் அலை ஏறும் கோட்டிலிருந்து 200 மீட்டர்வரை புதுக் கட்டடம் எழுப்ப முடியாது. முறையாக இருக்கும் பழைய வீட்டைப் பழுதுபார்க்கலாம். மூன்று மாடி ரிசார்ட் கனவோடு வருபவருக்கு இது அடி. நாவலாசிரியருக்கு வரம். இடித்தால் மறுபடி பெரிதாகக் கட்ட முடியாத வீட்டை வைத்துக்கொண்டு அக்காவும் தங்கையும் என்ன செய்வார்கள்?

செலவு இரண்டு. கடல் இங்கே ஓவியம் அல்ல. கரையிலிருக்கும் மாசிலாமணிநாதர் கோவில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. அதையாவது கதைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டாவது செலவுதான் கனம். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. அன்று இந்த ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. இந்தியாவிலேயே அதிக உயிர்கள் போன மாவட்டம் அது, ஆறாயிரத்துக்கும் மேல். உங்கள் அக்காவுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதென்றால் அன்று இருபதுகளில் இருந்திருப்பாள். அந்தக் காலை அவள் எங்கே இருந்தாள் என்று நாவல் சொல்லாவிட்டால், உள்ளூர் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். சகோதரிகள் பிரிந்த காரணத்தை அந்த நாளிலேயே வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம். ஆனால் அப்படி வைத்தால் அது இனி காதல் நாவல் மட்டும் அல்ல. லேசான கதைதான் வேண்டும் என்றால் இந்த ஊரை விட்டுவிடுங்கள்.

## முட்டம்

கடலில் சூரியன் மறைந்தே ஆக வேண்டும் என்பவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு வரவேண்டும். பாறை, கலங்கரை விளக்கம், சிவந்த மேட்டு நிலம். எண்பதுகளின் தமிழ் சினிமா கேமராவோடு வந்து உட்கார்ந்த இடம். அதனால் உங்கள் வாசகி ஏற்கெனவே இந்தக் கடலைப் பார்த்திருக்கிறாள். அது வசதியும்தான், ஆபத்தும்தான். நீங்கள் எழுதும் பாறையில் அவள் பழைய கதாநாயகியை உட்காரவைத்துவிடுவாள்.

இந்த ஊரின் பெரிய பலம் நாட்காட்டி. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். (கிழக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கன்னியாகுமரி ஒரே மாவட்டம்தான், ஆனால் சின்னமுட்டம் துறைமுகத்துக்குக் கிழக்குக் கணக்கு, முட்டத்துக்கு மேற்குக் கணக்கு. இதில் தடுக்கி விழுந்தவர்கள் உண்டு.) மற்ற நாட்களில் வாரக்கணக்காகக் கடலிலிருக்கும் விசைப்படகுக்காரன் அந்த இரண்டு மாதம் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பான். அதே மாதங்களில்தான் தென்மேற்குப் பருவமழை, கடல் கொந்தளிப்பு. பள்ளிக்கூட விடுமுறை முடிந்த பிறகும் ஊரைவிட்டுப் போகாத தங்கை, தடைக்காலம் முடிந்தால் போய்விடப்போகும் ஆண். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி என்ற கெடு கதைக்குள் தானாகவே டிக் டிக் என்று ஓடும். பருவமே கதைச் சட்டகம் போட்டுத் தருவது இந்த ஐந்தில் இங்கே மட்டும்தான்.

வீட்டு உரிமை இங்கே அவ்வளவு காரமில்லை. கத்தோலிக்கக் குடும்பமென்றால் உயில் இல்லாதபோது மகள்களுக்குச் சம பங்கு. திருவிதாங்கூர் காலத்துப் பழைய சட்டம் பெண்களுக்குக் கொடுத்த அற்பப் பங்கை 1986-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. சண்டைக்கு வேறு காரணம் தேடுங்கள். ஒக்கி புயல் 2017 நவம்பர் கடைசியில் இந்த மாவட்டத்து மீனவர்களை வாரிக்கொண்டு போனதை மறக்காதீர்கள். படகுக்காரனைக் காதலிப்பவள் வானிலைச் செய்தியை எப்படிக் கேட்பாள் என்பது அங்கேதான் இருக்கிறது.

பேச்சு வழக்கு தெரியாவிட்டால் உரையாடலைக் குறையுங்கள். எல்லோர் வாயிலும் 'மக்களே' என்று போட்டுவிட்டால் குமரித் தமிழ் வந்துவிடாது.

## காயல்பட்டினம்

இதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. திருச்செந்தூர் பக்கத்தில் கடலை ஒட்டிய முஸ்லிம் ஊர். இங்கே வழக்கப்படி வீடு பெண்மக்களுக்குப் போகிறது. கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வர வீடுகளுக்கிடையே தனிச் சந்துகள் உண்டு. ஆண்கள் கொழும்பு, ஹாங்காங் என்று வியாபாரத்துக்குப் போய்வந்தவர்கள்.

அக்காவும் தங்கையும் கல்யாணத்துக்குப் பிறகும் அடுத்தடுத்த சுவருக்குள்ளேயே வாழ்ந்துகொண்டு, அந்தச் சந்தில் எதிர்ப்படும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதை நினைத்துப்பாருங்கள். பிரிவுக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை, ஒரு கதவைச் சாத்தினால் போதும். காதலுக்கும் வித்தியாசமான வழி இருக்கிறது: வருஷத்தில் பாதி வெளிநாட்டிலிருந்த கணவன் ஓய்வுபெற்று, மனைவியின் வீட்டுக்கு விருந்தாளி போலத் திரும்பி வருகிறான். அறுபது வயதுக் காதல்.

வெளியாள் எழுதினால் மூன்றாவது பக்கத்தில் தெரிந்துவிடும். வாப்பா, உம்மா, ராத்தா என்று போடுவது சுலபம். வீட்டின் எந்த இடம்வரை மருமகன் வருவார், எங்கே நிற்பார் என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். அந்த ஊர்க்காரராக இருந்தால் இதை மட்டும் எழுதுங்கள், மற்ற நான்கையும் பார்க்கவே வேண்டாம். இல்லையென்றால் நான் உங்களைத் தடுப்பேன்.

## பருத்தித்துறை

யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையிலுள்ள ஊர். வீட்டை வைத்து அக்கா தங்கை சண்டை போட, யாழ்ப்பாணத்தைப் போல வளமான மண் தமிழில் இல்லை. காரணம் தேசவழமை. டச்சுக்காரர்கள் 1707-ல் தொகுத்த வழக்குச் சட்டம், யாழ்ப்பாணத் தமிழர்களுக்கு இன்றும் செல்லுபடியாகிறது. அதில் நாவலாசிரியருக்கு மூன்று புதையல்கள் இருக்கின்றன.

சீதனம் வாங்கிக் கல்யாணமான மகளுக்குப் பெற்றோர் சொத்தில் அப்புறம் பங்கில்லை என்பது பழைய விதி. அக்கா சீதனத்தோடு போனாள். தங்கை சீதனமில்லாமல் எண்பதுகளில் வெளிநாட்டுக்குத் தப்பினாள். தாய் போன பிறகு கடலோர வீடு யாருக்கு? இருபது வருஷமாக அந்த வீட்டைக் காத்தது அக்கா. சட்டம் கைகாட்டுவது தங்கையை.

அடுத்தது முன்னுரிமை. கூட்டுச் சொத்தில் தன் பங்கை வெளியாளுக்கு விற்பதற்கு முன் மற்றப் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும். பேசாமலிருக்கும் அக்காவுக்கு எழுதும் முதல் கடிதமே 'என் பங்கை வாங்கிக்கொள்கிறாயா' என்ற அறிவித்தலாக இருக்கலாம்.

மூன்றாவதுதான் காதல் நாவலுக்கென்றே செய்தது. கல்யாணமான பெண் தன் பெயரிலுள்ள நிலத்தையோ வீட்டையோ விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கிடைக்காவிட்டால் மாவட்ட நீதிமன்றம் போகலாம். 1911-ஆம் வருஷச் சட்டம் இது. பெண்களுக்கு அநியாயம்தான், சந்தேகமில்லை. ஆனால் பதினெட்டு வருஷமாகப் பிரிந்திருக்கும் கணவனைத் தேடிக்கொண்டு, ஒரு கையெழுத்துக்காக, தங்கையையும் கூட்டிக்கொண்டு அக்கா போகிறாள் என்றால்? புதிதாக ஒரு ஆணைக் கொண்டுவர வேண்டியதே இல்லை. பவர் கொடுத்தாலும் அந்தக் கையெழுத்து கையெழுத்துதான்.

காலமும் ஒத்துவரும். புலம்பெயர்ந்தவர்கள் ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவார்கள், 25 நாள். விடுமுறையை நீட்டினால் புரட்டாசியில் வல்லிபுர ஆழ்வார் கோவில் கடல் தீர்த்தம். ஊரே கடலுக்குள் இறங்கும்போது சகோதரிகள் இருவரும் எப்படியும் ஒரே அலையில் நனைவார்கள். உச்சக்காட்சியை நீங்கள் கட்டவே தேவையில்லை.

செலவைச் சொல்லிவிடுகிறேன். போரைப் பின்னணி இசையாகப் போட முடியாது. சில மைல் மேற்கே மயிலிட்டிப் பக்கம் 1990-ல் வெளியேறியவர்கள் துறைமுகத்தையும் கொஞ்சம் நிலத்தையும் திரும்பப் பார்த்தது 2017-ல்தான். வீடு இருக்கிறது என்று எழுதும்போதே, யாருக்கு இல்லை என்பதும் கூடவே வந்து நிற்கும். பேச்சு வழக்கோ தமிழ்நாட்டு எழுத்தாளர்களுக்கு நிச்சயப் பொறி. 'எப்ப வந்தனீ?' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியில் 'வாடி போடி' என்று மதுரைக்குத் தாவியவர்களைப் படித்திருக்கிறேன். ஒரு யாழ்ப்பாணத் தோழி கைப்பிரதியை வாசித்துத் திருத்தித் தருவாள் என்றால் மட்டும் இறங்குங்கள்.

## கற்பனை ஊர் போதாதா?

இதையும் பலர் கேட்கிறார்கள். புதுச்சேரியை ஏன் விட்டேன் என்றும் கேட்கிறார்கள். புதுச்சேரி வெள்ளை நகரத்தில் இப்போது எந்த வீட்டைத் திறந்தாலும் உள்ளே கஃபே இருக்கிறது, அதனால் விட்டேன்.

கற்பனை ஊர் வைக்கலாம், நானே மூன்று நாவலில் வைத்திருக்கிறேன். பெயர்தான் கற்பனை. மூன்றுக்கும் அடியில் ஒரு நிஜ ஊர் படுத்திருந்தது: பஸ் எங்கிருந்து வரும், வாடையடிக்கும்போது எந்த ஜன்னலைச் சாத்துவார்கள், சார்பதிவாளர் அலுவலகம் எத்தனை கிலோமீட்டர். ஒரு தாளில் இதை எழுதிவைத்துக்கொண்டு, முதல் அத்தியாயத்தில் அக்காவை ஒரு மாலை நேரத்தில் திண்ணையில் உட்காரவையுங்கள். வெயில் அவள் முகத்தில் படுகிறதா, முதுகிலா என்று உடனே எழுத முடிந்தால் ஊர் தயார்.